இரவு உறைந்ததா?

ஏப்ரல் கடைசி வாரத்தில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு ரயிலில் வந்து இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது பனி அல்ல, புல். ஊர் இருப்பது சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். அங்கே கூரைகள் சொட்டி முடித்திருக்கும். ஊருக்கு நடுவே ஓடும் ஆறு உருகுநீரில் கலங்கிச் சீறும். குளிர்காலக் கூட்டம் போய்க் கோடைக் கூட்டம் வராத இடைவெளியில் பல விடுதிகள் கதவைச் சாத்தியிருக்கும். ஆனாலும் பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிலர் கேபிள் கார் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் போகிற க்ளைன் மாட்டர்ஹார்ன் நிலையம் சுமார் 3,820 மீட்டரில் இருக்கிறது. அங்கே இன்னும் குளிர்காலம். ஏறத்தாழ 2,200 மீட்டர் செங்குத்து உயரத்துக்குள் இரண்டு பருவங்கள் ஒரே நாளில் நடக்கின்றன. இந்த நேரத்தில் வருபவர்கள் எல்லோரும் பார்ப்பது நிலையத்துத் திரையில் ஒளிரும் பனி ஆழத்தைத்தான்: உச்சியில் இத்தனை சென்டிமீட்டர், ஊரில் இத்தனை. என் வாதம் எளிது. பருவக் கடைசியில் அந்த எண் அநேகமாக எதையும் சொல்வதில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நேற்றிரவு உறைந்ததா?

ஆழத்தை ஏன் இவ்வளவு எளிதாக ஒதுக்குகிறேன் என்று கேட்கலாம். பனி இல்லாமல் பனிச்சறுக்கு ஏது? உண்மைதான். ஆனால் ஆல்ப்ஸின் உயரமான சரிவுகளில் ஏப்ரலில் பனிக்குப் பஞ்சம் இருப்பதில்லை. டாவோஸுக்கு மேலே 2,536 மீட்டரில் உள்ள வைஸ்ஃப்ளூயோஹ் என்ற இடத்தில் 1936 முதல் பனியை அளந்து வருகிறார்கள். அந்த நீண்ட பதிவின்படி அங்கே பனி வழக்கமாக உச்ச ஆழத்தைத் தொடுவது கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்ல, பிப்ரவரியிலும் அல்ல, ஏப்ரலில்தான். அதாவது பல ஊர்களில் சறுக்குவோரை மேலேற்றும் இழுவைகள் நிறுத்தப்பட்டு ஊழியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பும் மாதத்தில், மேலே பனி ஆண்டிலேயே மிகத் தடித்துக் கிடக்கிறது. பருவத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் பனி அல்ல, மனிதர்கள். ஈஸ்டர் விடுமுறை கழிந்ததும் ஐரோப்பியர்களின் மனம் தோட்டத்துக்கும் மிதிவண்டிக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறது. காலி நாற்காலிகளைச் சுமந்து இழுவைகள் ஓடினால் நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. தாழ்ந்த சரிவுகளில் நிலைமை வேறு. அங்கே பனி உண்மையிலேயே தீர்ந்துபோகிறது. ஆனால் அதை அறிய எண் தேவையில்லை, கண்ணே போதும். திறந்திருக்கிற உயரமான தடங்களைப் பொறுத்தவரை செவ்வாய்க்கிழமை ஆழமும் புதன்கிழமை ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் செவ்வாயன்று சறுக்கியவர் வாழ்நாளின் மிகச் சிறந்த காலை என்பார்; புதனன்று போனவர் சேற்றில் நடந்ததுபோல முழங்கால் வலியோடு திரும்புவார். மாறாத ஓர் எண்ணைக் கொண்டு மாறுகிற அனுபவத்தை விளக்க முடியாது.

மாறுவது எது என்பதைப் பனியின் உள்ளமைப்பு சொல்கிறது. செர்மாட் ஏறத்தாழ 46 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகை அளவுக்கு ஏறுகிறது. ஆகஸ்டு மூன்றாம் வாரத்துச் சூரியன் எட்டும் உயரம் அதேதான். குளிர்காலம் விட்டுப்போன பனியின் மேல் கோடைச் சூரியன் அடிக்கிறது என்றே சொல்ல வேண்டும். பகலில் மேற்பரப்பு உருகி, பனி மணிகளுக்கு நடுவே நீர்ப்படலம் பரவுகிறது. கூரிய முனைகள் கரைகின்றன, சிறு மணிகள் மறைந்து பெரியவை பருக்கின்றன. இரவில் வானம் தெளிந்திருந்தால் அந்த நீர் மீண்டும் உறைந்து மணிகளை ஒன்றோடொன்று பற்றவைக்கிறது. இப்படிப் பல நாள் உருகி உறைந்த பிறகு, குளிர்காலத்தில் இலேசான தூளாக இருந்தது கல்லுப்பு அளவுக்கு உருண்ட மணிகளாகிவிடுகிறது. இதைத்தான் ஆல்ப்ஸ்காரர்கள் ஃபிர்ன் என்று கொண்டாடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு அது இரும்புத் தகடு. பலகையின் விளிம்பு கிறீச்சிடும், விழுந்தால் நிற்க முடியாது. பத்து மணிவாக்கில் மேலே இரண்டு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் உறுதி குலையாமல் இருக்கும். அந்த நேரத்தில் பலகை தானாகத் திரும்புகிறது. தேர்ந்தவரும் புதியவரும் ஒரே அளவு திறமைசாலிகளாகத் தெரிகிறார்கள். நண்பகலுக்குப் பிறகு பிணைப்புகள் அடிவரை அவிழ்ந்து, கால் புதையும் கூழாகிவிடுகிறது. ஒரு சரிவுக்கு வாய்க்கும் நல்ல நேரம் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி.

அந்த நேரம் எவ்வளவு நீளும் என்பதை இரவு தீர்மானிப்பதற்குக் காரணம் பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிவந்த அதே நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்க ஆகும் செலவுக்கு இது சமம். எனவே இரவில் எத்தனை சென்டிமீட்டர் உறைந்ததோ, அத்தனை சென்டிமீட்டரையும் மீண்டும் உருக்கிக் கடக்கும் பெருஞ்செலவைச் சூரியன் காலையில் செய்தாக வேண்டும். ஆழமாக உறைந்த இரவு ஓர் இருப்பு. பகல் அதை மெதுவாகச் செலவழிக்கிறது. உறையாத இரவுக்குப் பின் செலவழிக்க எதுவுமே இல்லை. அப்படிப்பட்ட நாளில் பனி காலையிலேயே கூழாகத்தான் தொடங்குகிறது, வெயில் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இங்கே பலர் இடறும் ஒரு நுட்பம் உண்டு. இரவு உறைந்ததா என்பதும் இரவில் காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனதா என்பதும் ஒன்றல்ல. பனி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிந்து காற்று வறண்டிருந்தால் அந்த வெப்பம் திரும்பி வருவதில்லை. காற்று இரண்டு பாகையில் இருக்கும்போதே பனியின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கி உறைந்துவிடும். மேகம் மூடினால் அது போர்வைபோல் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. காற்று பூச்சியத்தில் நின்றாலும் பனி ஈரமாகவே விடிகிறது. ஆகவே கைப்பேசியில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்குபவர் பாதி விவரத்தைத்தான் பார்த்தவர். அந்தி கழிந்து ஜன்னலைத் திறந்து விண்மீன்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பவர் அவரைவிட அதிகம் அறிந்துகொள்கிறார். இரவில் சேர்ந்த இருப்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது பனியின் நிறத்தையும் பொறுத்தது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் திருப்பி எறிகிறது. பழைய ஈரப்பனி ஏறத்தாழப் பாதியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. 2021 பிப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் நடந்ததுபோல சகாராவின் செந்தூசி ஆல்ப்ஸின் மேல் படிந்த ஆண்டுகளில், அந்தப் படலம் வசந்தத்தில் மேலே வெளிப்பட்டு உருகுதலை இன்னும் விரைவாக்குகிறது.

செர்மாட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது ஒரு பெரிய கடிகாரமாகிவிடுகிறது, முள்ளாக நகர்வது வெயில். சுன்னெக்கா, ரோட்ஹார்ன் சரிவுகள் பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் பிற்பகல் வெயிலை முகத்தில் வாங்குபவை. 1898 முதல் பற்சக்கர ரயில் ஏறும் கோர்னர்கிராட் முகடு நடுவே நிற்கிறது. தெற்கே தியோடுல் பனியாறு வடக்கு நோக்கிச் சரிவதால் அதன் குளிர் கடைசியாகத்தான் கலைகிறது. அந்தப் பனியாற்றின் உச்சியைத் தாண்டினால் இத்தாலி. அங்கே 3,480 மீட்டர் உயரப் பிளாட்டோ ரோசாவிலிருந்து 2,050 மீட்டரில் உள்ள செர்வினியா ஊர்வரை இறங்கும் வெண்டினா தடம் பெரும்பாலும் தென்மேற்கைப் பார்த்தது. ஒரே முகட்டின் இரு பக்கங்களுக்கு இரண்டு நேரங்கள். விடிந்ததும் முதல் கேபிள் காரில் ஏறிப் பனியாற்றின் உலர்ந்த குளிர்ப் பனியில் தொடங்கி, இத்தாலியச் சரிவு இளகத் தொடங்கும் வேளையில் அந்தப் பக்கம் இறங்கி, அது கூழாகும் முன் மேலேறித் திரும்புவது இந்த ஊருக்கு உகந்த வரிசை. கீழே மெத்தென்ற சரிவில் மயங்கி நேரத்தைத் தவறவிட்டால் இரண்டு நட்டம்: பனியும் போகும், எல்லையைக் கடக்கும் கடைசி இழுவையும் போகும்; பிறகு மலைத்தொடரைச் சுற்றிச் சாலை வழியாகப் பல மணி நேரம் பயணம் செய்துதான் செர்மாட்டுக்குத் திரும்ப முடியும். ஆழத்தைப் பார்த்துத் திட்டமிடுபவர் எங்கே போவது என்று கேட்கிறார். இரவைப் பார்த்துத் திட்டமிடுபவர் எங்கே, எப்போது என்று கேட்கிறார்.

இது இன்பத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. உயிரைக் காப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கை அறிக்கைகள் ஐந்து நிலைகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. வசந்தத்தில் அவை காலைக்கு ஒரு நிலையும் பிற்பகலுக்கு வேறொரு நிலையும் சொல்வதுண்டு: உறைந்த காலையில் குறைவு, வெயில் ஏறியபின் கூடுதல். செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை மலைவழியே நடக்கும் பத்ரூய் தே கிளாசியே என்ற பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டி இதற்கு இன்னொரு சாட்சி. சுவிஸ் இராணுவம் 1943இல் தொடங்கிய அந்தப் போட்டி, 1949இல் மூன்று பேர் பனிப்பிளவில் விழுந்து இறந்தபின் தடைசெய்யப்பட்டு 1984இல் மீண்டது. இன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் இறுதி வாக்கில் நடக்கிறது. நெடுந்தொலைவு ஓடும் குழுக்கள் செர்மாட்டிலிருந்து கிளம்புவது பகலில் அல்ல, இரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில். உச்சிகளையும் கணவாய்களையும் பனி உறைந்திருக்கும்போதே கடந்துவிட வேண்டும் என்பதே அதன் தர்க்கம். மலைக் குடில்களில் தங்கும் சாதாரணப் பயணிகளும் வசந்தத்தில் விடியலுக்கு முன்பே எழுந்து புறப்படுவது இதே காரணத்தால்தான். ஒரு வரம்பையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். புல்தரையின் மேல் மொத்தப் பனியும் வழுக்கி இறங்கும் வகைப் பனிச்சரிவுகள் உறைந்த இரவிலும் நிகழும். அவற்றின் பிடி அடித்தளத்தில் இருக்கிறது, மேலோட்டில் அல்ல. எனவே உறைந்த இரவு பாதுகாப்புக்குத் தேவையான நிபந்தனை. அது மட்டுமே போதுமான நிபந்தனை அல்ல. அறிக்கையைப் படிக்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் மூன்று உண்டு. முதலாவது புதுப் பனி. ஏப்ரலிலும் ஆல்ப்ஸில் பெருமழைபோல் பனி கொட்டும். 2025 ஈஸ்டருக்குச் சற்று முன் வாலே மாநிலத்தில் கொட்டிய பனியால் செர்மாட்டுக்கான சாலையும் ரயில் பாதையும் அடைபட்டு, மின்சாரமும் நின்று, ஊர் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. அப்படி ஒரு பொழிவுக்குப் பின் ஆழம்தானே எல்லாம் என்று கேட்கலாம். ஒரு காலைக்கு மட்டும் ஆம். ஆகஸ்டுக்கு உரிய உயரத்திலிருந்து சூரியன் அடிக்கும்போது அந்தத் தூள் முதல் நண்பகலிலேயே கனத்து ஈரமாகிறது. மறுநாள் அது நல்ல பனியா கூழா என்பதை மறுபடியும் இரவுதான் தீர்மானிக்கிறது. போதாததற்கு, அதுவரை நீர் இறங்காத புதுப் பனிக்குள் முதன்முறையாக நீர் இறங்கும் நாட்களே ஈரப் பனிச்சரிவுகளுக்கு மிகவும் சாதகமானவை. ஆக, ஆழம் திடீரென்று கூடும் நாளில் இரவைப் பற்றிய கேள்வி தேவையற்றதாகிவிடுவதில்லை, மேலும் அவசரமாகிறது.

இரண்டாவது மறுப்பு பனியாற்றின் பெயரால் வருகிறது. செர்மாட் ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு நடக்கும் இடம் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் ஊர். 3,800 மீட்டரில் இரவைப் பற்றிய கவலை எதற்கு? ஏப்ரலில் இது பெருமளவு சரி, அந்த உயரத்தில் இரவுகள் பெரும்பாலும் உறைகின்றன. ஆனால் அங்கேயும் விதி தள்ளிப்போகிறதே தவிர நீங்கவில்லை. கோடையில் அந்தப் பனியாற்றில் சறுக்குவோர் விடிகாலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள், அதே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு. 2022 ஜூலை 25 அன்று சுவிட்சர்லாந்தின் மேல் பூச்சியப் பாகைக் கோடு, அதாவது காற்றின் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் உயரம், 5,184 மீட்டரில் பதிவானது, மாட்டர்ஹார்னின் 4,478 மீட்டர் உச்சியையும் தாண்டி. அந்த மாத இறுதியில் செர்மாட் தன் கோடைச் சறுக்கை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கோடு 5,298 மீட்டருக்கு ஏறியது. மலை எவ்வளவு உயரமாக இருந்தாலும், உறையாத இரவுகள் தொடர்ந்தால் உயரம் காப்பாற்றாது.

மூன்றாவது மறுப்பு இயந்திரங்களை நம்புகிறவர்களுடையது. செயற்கைப் பனியைத் தூவும் பீரங்கிகள் இருக்கின்றன. செர்மாட்டிலேயே இஸ்ரேலில் உருவான ஒரு பெரிய கருவி, வெளியே குளிர் இல்லாதபோதும் வெற்றிடத்தில் பனியைத் தயாரித்துத் தருகிறது. பந்தயத் தடங்களில் உப்புத் தூவிப் பனியை இறுக்குகிறார்கள். இரவு செய்யாததை மனிதன் செய்துகொள்ளலாமே? கருவிகள் செய்வது என்ன என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பீரங்கிகளும் அந்தப் பெருங்கருவியும் உண்டாக்குவது அளவை, அதாவது ஆழத்தை. பருவத் தொடக்கத்தில், தரை வெறுமையாக இருக்கும்போது, அதற்குப் பெருமதிப்பு உண்டு. பருவக் கடைசியில் குறைவது அளவு அல்ல, உறுதி. உப்பு உறுதியைத் தருகிறது என்பது உண்மை. ஈரப்பனியில் கரைந்து, சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சி, மேற்பரப்பைச் சிறிது நேரம் இறுக்குகிறது. ஆனால் அது பந்தயம் நடக்கும் ஒரு குறுகிய தடத்துக்கு, சில மணி நேரத்துக்கு மட்டும். ஒரு மலையையே உப்பிட முடியாது. இரவில் தடங்களை உழும் இயந்திரங்கள்கூட உறையப்போகும் பனியைத்தான் வரிவரியாகச் செப்பம் செய்கின்றன. உறையாத கூழை வரியாக்கினால் முதல் பத்துப் பேர் இறங்கியதும் வரி இருந்த சுவடே இராது.

இதனால்தான் பருவக் கடைசியின் எதிர்காலத்தையும் ஆழத்தை வைத்து மதிப்பிடக் கூடாது என்கிறேன். சுவிஸ் ஆல்ப்ஸில் 1,100 முதல் 2,500 மீட்டர் வரையிலான நிலையங்களின் 1970–2015 காலப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, பனிப்போர்வை முன்பைவிடச் சராசரியாக 12 நாள் தாமதமாக விரிகிறது, 26 நாள் முன்னதாக மறைகிறது என்று கண்டது. குளிர்காலம் இரண்டு முனையிலும் தேய்கிறது; வசந்த முனையில் இரட்டிப்பு வேகத்தில். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. தொடக்க முனையில் இழந்த நாட்களைப் பீரங்கிகள் ஓரளவு ஈடுகட்டும். எனவே விடுதிகளும் நிறுவனங்களும் நவம்பரிலும் டிசம்பரிலும் பணத்தைக் கொட்டுகின்றன. கடைசி முனையில் இழப்பதை ஈடுகட்ட வழியில்லை. இன்னும் சில பத்தாண்டுகளில், மேலே பனி ஆழமாகக் கிடந்தும் சறுக்கத் தகுந்த காலைகள் அரிதாகிவிட்ட ஒரு ஏப்ரலைச் செர்மாட் சந்திக்கலாம். அன்று திரையில் ஒளிரும் எண் வழக்கம்போலப் பெரிதாகவே இருக்கும்.

போகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவுகள் தெளிவானவை. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை ஒட்டி சுவிட்சர்லாந்து செல்லும் குடும்பங்கள் பலவும் ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதத்தில்தான் அங்கே இருக்கின்றன. பனியைத் தொட்டுப் படமெடுத்துத் திரும்புவதற்கு மேல் ஏதாவது செய்ய விரும்பினால், இந்தப் பருவம் அவர்களுக்கு எதிரி அல்ல. கூட்டம் குறைவு, பகல் நீளம், பதமான வேளையில் பனி புதியவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் முதல்முறை பலகை கட்டுபவர் எட்டு மணிக்கு இரும்புத் தகட்டில் ஏறக் கூடாது. பத்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்குள் முடிக்கும்படி பயிற்றுநரிடம் நேரம் கேட்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் கட்டாயம், ஏனெனில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகின்றன, பனி அதைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கிறது. ஒரு வாரத்துச் சீட்டை முன்கூட்டியே வாங்குவதைவிட, கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் நாளுக்கொரு சீட்டை முந்தின இரவின் வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது அறிவு. மேகம் மூடி வெதுவெதுப்பாகக் கழிந்த இரவுக்குப் பிறகு, திரை எத்தனை சென்டிமீட்டர் காட்டினாலும் அன்று பலகையைத் தொடாமல் ஊரைச் சுற்றிப் பார்ப்பதே சரியான முடிவு. ஒரு நாளை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்கே பருவக் கடைசி தன் நல்ல நாளைத் தருகிறது.